அனுமதி பெறாத காற்று

அங்காசா செலாத்தான் பல்கலைக்கழகத்தில் காற்று வீச வேண்டுமென்றால் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் பணி ஓய்வு பெற்று கேமரன் மலையில் ஸ்ட்ராபெர்ரி வளர்க்கப் போய்விட்டார். இன்னொருவர் பதவி உயர்ந்து கோலாலம்பூருக்குப் போய்விட்டார். மூன்றாமவர் எங்கும் போகவில்லை. மற்ற இரண்டு கையெழுத்தும் விழட்டும், என் கையெழுத்து எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஏழு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

விமானப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்குக் காற்றுச் சுரங்கம் என்று ஒன்று வேண்டும். பயந்துவிட வேண்டாம், பெரிய தகரக் குழாய்தான். ஒரு முனையில் ஆள் உயர விசிறி, நடுவில் கண்ணாடி வைத்த பெட்டி. பெட்டிக்குள் முழ நீளத்தில் ஓர் இறக்கையை நிறுத்தி, விசிறியைப் போட்டு, இறக்கையின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினால், காற்று அதை எத்தனை கிராம் தூக்குகிறது என்று அளந்துவிடலாம். அத்தனை டன் எடை எப்படி வானத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிற இடம் அது.

பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். வெட்டிய ரிப்பனைக் கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். முதல் ஐந்து வருடம், ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று விசிறியை ஓட்டாமல் காப்பாற்றினார்கள். ஓடாமல் இருந்தே மோட்டார் துருப்பிடித்துப் போனது. விசிறியையும் மோட்டாரையும் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பியதோடு சரி. திரும்ப வாங்கத்தான் அந்த மூன்று கையெழுத்து.

ஸ்டெஃபனிக்கு இதெல்லாம் நான்காம் ஆண்டின் கடைசிப் பருவத்தில்தான் தெரிய வந்தது. அவள் தம்போயில் கார்களுக்குச் சாயம் அடிக்கிற வாலண்டைனின் மகள். செனாய்ப் பக்கம் விமானங்களைப் பழுதுபார்க்கிற கம்பெனி ஒன்று அவளை ஏற்கெனவே பார்த்துப் பிடித்துப்போய், பட்டம் முடித்த கடிதத்தோடு ஆகஸ்டு முதல் தேதி வா, கடைசியாக ஒரு சின்னப் பேட்டி, பிறகு வேலைதான் என்று சொல்லியிருந்தது. நாலு வருடம் அவள் தூக்கத்தைக் கெடுத்துப் படித்தது அந்த ஒரு வேலைக்காகத்தான். கடிதத்துக்கும் அவளுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது காற்றுச் சுரங்க ஆய்வு ஒன்றே ஒன்று.

ஆய்வு நாளன்று ஆய்வுக்கூட உதவியாளர் வேலு அவள் பிரிவின் இருபது பேரையும் வரிசையில் நிறுத்தினார்.

"பொம்பளப் பிள்ளைங்க முடிய நல்லா கட்டிக்குங்க. எல்லாரும் கண்ணாடி போட்டாச்சா? காத்து பலமா இருக்கும், யாரும் குழாய்க்கு நேரா நிக்கக் கூடாது. சரி, ஸ்டார்ட் பண்ணியாச்சு."

யாருடைய முடியும் அசையவில்லை.

"அங்கிள், பேனே காணோமே?" என்றாள் ஸ்டெஃபனி.

"மேனுவல பாரும்மா. நாலாவது ஸ்டெப்."

கையேட்டில் நான்காவது படி இப்படி இருந்தது: விசிறியை இயக்கவும். மறு அறிவிப்பு வரும்வரை, இயக்கியதாகக் கருதவும்.

பாதுகாப்புப் பாரத்தில் பத்து நிமிடம் என்று போட்டிருந்ததால் பத்து நிமிடம் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு வேலு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் அளவுகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அவற்றை அவரவர் கையெழுத்தில் எழுத வேண்டும். நகல் எடுப்பது மோசடி என்று சுவரில் ஒரு பலகை தொங்கியது.

எழுதிக்கொண்டே வந்த ஸ்டெஃபனி ஓரிடத்தில் நின்றாள். இறக்கையை இரண்டு டிகிரி நிமிர்த்தினால் நூற்றுப்பத்து கிராம், நாலில் நூற்றுத்தொண்ணூறு, ஆறில் இருநூற்றெழுபது. எட்டில் வெறும் நாற்பத்தொன்று. பத்தில் மறுபடியும் நானூற்றுமுப்பது.

"எட்டு டிகிரில மட்டும் ஏன் அங்கிள் இப்படிக் கீழ விழுது?"

"அதுதாம்மா செலாத்தான் சரிவு" என்றார் வேலு, சாமி பெயரைச் சொல்வது போல. "உலகத்துலயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு."

உண்மைதான். துறையின் டீன் சிவசம்பு அந்தச் சரிவைப் பற்றி நான்கு ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, அதனாலேயே பேராசிரியர் ஆனவர். நுழைவாயிலில் அந்த வரைகோட்டைப் பித்தளையில் வார்த்து மாட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் பரீட்சையில் அதைப் பற்றி இரண்டு கேள்வி கட்டாயம் உண்டு. ஸ்டெஃபனியே இரண்டாம் ஆண்டில் அதற்குப் பதில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான்.

அன்று மத்தியானம் கேன்டீனில் வேலு அவளைத் தனியாகப் பார்த்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்கிட்ட சொன்னா என்னம்மா. தொறப்பு விழா அன்னிக்கு ஒரு நாள்தான் அத ஒழுங்கா ஓட்டி அளந்தாங்க. நம்ம சிவசம்பு புரோஃப் நம்பர படிச்சிக்கிட்டே வர்றாரு. வி.ஐ.பி.க்கு தேத்தண்ணி வேணும்னாங்க. நான்தான் தண்ணி கொதிக்க வைக்கிற பானைய அதே பிளக்குல சொருகினேன். மெயின் சுவிட்ச் விழுந்துருச்சு. பேன் சுத்து கொறஞ்சிக்கிட்டே வருது, அவரு பாட்டுக்கு எட்டு டிகிரி, நாப்பத்தொண்ணுன்னு எழுதுறாரு. நான் ஓடிப்போய் மெயின தட்டி விட்டேன். பத்து டிகிரிக்கு காத்து வந்துருச்சு."

"அலமாக்! அங்கிள், நீங்க யார்கிட்டயும் சொல்லலயா?"

"மூணு தடவ சொன்னேன். மூணாவது தடவ வார்னிங் லெட்டர் கொடுத்தாங்க. ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருசம் இருக்குலா."

ஸ்டெஃபனி புரட்சி செய்கிற ரகம் இல்லை. நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பாள். ஆனால் இன்னும் இரண்டு மாதத்தில் நிஜ விமானத்தைத் தொடப்போகிறோம், ஒரு தடவையாவது நிஜக் காற்றைப் பார்த்துவிடலாமே என்று ஆசைப்பட்டுவிட்டாள். ஆசைதான் வினை. வேலுவிடம் கெஞ்சி அந்த முழ நீள இறக்கையை இரவல் வாங்கினாள். அப்பாவின் பட்டறையில் சாயம் அடிக்கிற அறையில், புகையை வெளியே இழுக்கப் பெரிய விசிறி ஒன்று இருந்தது. அதன் முன்னால் அட்டையில் குழாய் கட்டினாள். அம்மா ஐலீன் கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசை எடுத்து வந்தாள். இறக்கையைத் தலைகீழாகத் தராசில் நிறுத்தினால் காற்று தூக்குகிற அளவுக்குத் தராசு அழுத்தப்படும், முள்ளும் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாலண்டைன் சுவிட்சைப் போட்டார். இரண்டு, நாலு, ஆறு. முள் ஏறியது. எட்டுக்கு வைத்தபோது ஸ்டெஃபனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முள் அது பாட்டுக்கு ஏறியது. பத்திலும் ஏறியது, பன்னிரண்டிலும் ஏறியது. பதினைந்து தாண்டித்தான் இறங்க ஆரம்பித்தது, புத்தகங்களில் போட்டிருப்பது போலவே.

"டேடி, தூக்குது! பாருங்க, தூக்குது!"

"பிளேன்னா தூக்கத்தானே செய்யும்" என்றார் வாலண்டைன். ஆனாலும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து மறுபடியும் ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார். நாலு வருடப் படிப்பில் ஸ்டெஃபனி உண்மையிலேயே மகிழ்ந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

மூன்று ஞாயிறு அளந்து, தன் எண்களையே எழுதி, எப்படி அளந்தேன் என்று குறிப்பும் சேர்த்து ஒப்படைத்தாள். மார்க் வந்தது. பூஜ்யம். கூடவே தரவு நேர்மைக் குழுவின் அழைப்பும் வந்தது.

குழுவில் டீன் சிவசம்புவும் தர உறுதிப் பிரிவு இயக்குநர் கிருஷ்ணகுமாரியும் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பெடுக்க ஒரு செயலாளர். யாரும் கோபப்படவில்லை. பிஸ்கட் கூட வைத்திருந்தார்கள்.

"ஸ்டெஃபனி, நீங்க ஏன் அளந்தீங்க?" என்று பரிவோடு கேட்டார் கிருஷ்ணகுமாரி.

"அளக்கறதுதானே மேடம் பாடமே?"

"இல்லம்மா, அங்கதான் தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. அளந்ததுக்கு ஆவணம் வைக்கிறதுதான் பாடம். அளக்கிறதுக்கு நாங்க மார்க்கே ஒதுக்கல. மார்க் அட்டவணைய பாருங்க."

பார்த்தாள். ஒதுக்கவில்லை.

"சரி, உங்க அப்பா வர்க்‌ஷாப்ல இருந்தது என்ன காத்து? எந்தத் தரச்சான்று?"

"சாதாரணக் காத்துதான் மேடம்."

செயலாளர் எழுதிக்கொண்டார்: அனுமதி பெறாத சாதாரணக் காற்று.

சிவசம்பு தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்க. பன்னெண்டு வருசத்துல அறுநூத்து நாப்பத்து மூணு மாணவர்கள் இந்த ஆய்வ செஞ்சிருக்காங்க. ஒரு நம்பர், ஒரே ஒரு நம்பர் மாறினதில்ல. ஜெர்மனில போய் ஒரே ஆய்வ ரெண்டு தடவ செஞ்சீங்கன்னா ரெண்டு விதமா வரும். அவங்க அத பிழைன்னு ஒத்துக்கிட்டு அது வேற தனியா ஒரு பக்கம் எழுதுவாங்க. நம்ம பிள்ளைங்க பிழையே விட்டதில்ல. இந்த ஒழுக்கம் ஒரு நாள்ல வந்ததில்ல. நீங்க ஒருத்தர் வந்து கெடுத்துட்டீங்கன்னா மத்த அறுநூத்து நாப்பத்து மூணு பேரும் பொய்யான்னு வெளிய கேப்பாங்களா மாட்டாங்களா?"

"அவங்க எல்லாரும் ஒரே தாள பாத்துத்தானே புரோஃப் எழுதினாங்க?"

"அதுக்குப் பேர்தான் தரப்படுத்தல்" என்றார் கிருஷ்ணகுமாரி.

இரண்டு நாள் நேர்மைப் பயிற்சி முகாமுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, ஆய்வை மறுபடியும் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த வருடம்தான் பட்டம் என்று தீர்ப்பானது. முகாம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. முதல் நாள் காலையிலேயே இரண்டு நாள் வருகைக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மத்தியானம் பிரியாணி போட்டு, நேர்மையாக வாழுங்கள் என்று சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்துக்கே ஆபத்து வந்தது. பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுக்கிற குழு வருகிறதாம். வழக்கமாக அவர்கள் கோப்புகளைத்தான் பார்ப்பார்கள். கோப்பு விஷயத்தில் அங்காசா செலாத்தானை யாரும் அசைக்க முடியாது. இந்த முறை ஒருவர் வம்புக்கென்றே, காற்றுச் சுரங்கம் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் தம்போய் பட்டறை வாசலில் சிவசம்புவின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, சாயம் அடிக்கும் அறையை எட்டிப் பார்த்து, விசிறியின் குறுக்களவைக் கண்ணாலேயே அளந்தார். அவர் எதையாவது அளந்து ஸ்டெஃபனி பார்த்தது அன்றுதான்.

"மிஸ்டர் வாலண்டைன், சமுதாயமும் தொழில்துறையும் பல்கலைக்கழகத்தோட கை கோக்கணும். உங்க பேன மூணு நாள் குடுங்க. செயல்விளக்கத்த உங்க மகளே செஞ்சு காட்டட்டும். இவங்களுக்குத்தான் காத்துல வேலை செஞ்ச அனுபவம் இருக்கு."

"அதுக்கா எனக்கு முட்டை போட்டீங்க?" என்று ஸ்டெஃபனி வெடித்தாள்.

வாலண்டைன் அவளைக் கையமர்த்தினார். "எடுத்துக்கிட்டுப் போங்க சார். பிள்ளைக்கு மார்க்க மட்டும் போட்டு விட்டுருங்க. ஒண்ணாந்தேதி அதுக்கு வேலைக்குப் போவணும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார் சிவசம்பு.

விசிறியை வேலு குழாயில் மாட்டினார். குழு வருவதற்கு முதல் நாள் ஒத்திகை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு சுரங்கத்தில் காற்று வந்தது. தூசியும் பல்லி முட்டையும் பறந்தன. ஸ்டெஃபனி இறக்கையை நிமிர்த்திக்கொண்டே வந்தாள். ஆறு டிகிரி. எட்டு டிகிரி. முள் ஏறியது.

"மறுபடி" என்றார் சிவசம்பு.

மறுபடியும் ஏறியது. மூன்றாவது தடவை அவரே கையால் இறக்கையை எட்டில் வைத்தார். ஏறியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகு நேரம் அந்த முள்ளையே பார்த்தார். ஸ்டெஃபனிக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். எந்த மனுஷனாக இருந்தாலும் கண்ணால் பார்த்த பிறகு சொல்லித்தானே ஆக வேண்டும்.

"பன்னெண்டு வருசம்" என்றார் மெதுவாக. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வேலு, நாளைக்கு நீ திரைக்குப் பின்னால நில்லு. எட்டு டிகிரி வந்ததும் சுவிட்ச அணைச்சிரு. பத்துக்கு மறுபடி போட்டுரு. தேத்தண்ணிப் பானையெல்லாம் வேணாம்."

அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. ஸ்டெஃபனி அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

குழு வந்தது. முடியைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோது இந்த முறை அர்த்தம் இருந்தது. ஐந்து பேர் டையும் பறந்தது. சந்தோஷத்தில் ஒருவர் தன் டையைப் படம் எடுத்தார். ஸ்டெஃபனி எண்களை உரக்கப் படித்தாள். எட்டு டிகிரி வந்ததும் திரைக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. விசிறி முனகிக்கொண்டே தளர்ந்தது. பறந்துகொண்டிருந்த ஐந்து டைகளும் வயிற்றில் வந்து படிந்தன. முள் இறங்கி இறங்கி எங்கேயோ தொண்ணூறில் நின்றது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சிவசம்பு அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். ஆகஸ்டு முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் ஸ்டெஃபனி. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

கை தட்டினார்கள். காற்று ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. சரிவைக் கண்ணாரக் கண்டோம் என்று அறிக்கையில் எழுதி, பட்டத்துக்கு ஐந்து வருட அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்டெஃபனிக்கு எண்பத்திரண்டு மார்க் விழுந்தது. எல்லோருக்கும் அதுதான் மார்க்.

விசிறி திரும்பி வரவில்லை. அறிக்கையில் அது பல்கலைக்கழகத்தின் கருவி என்று ஏறிவிட்டதால் அதற்கு ஒரு சொத்து எண் ஒட்டிவிட்டார்கள். எண் ஒட்டிய பொருளை வெளியே எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். வாலண்டைன் நாலு தடவை அலைந்தார். நாலாவது தடவை, ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று அதைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதைக் காட்டி ஆறுதல் சொன்னார்கள். அவர் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு சாயம் அடிக்கிறார். இருமல் வந்துவிட்டது.

ஆகஸ்டு முதல் தேதி வாலண்டைனே வேனில் அவளைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டார். பேட்டி எடுத்தவர் தலைமை ஆய்வாளர் விஜயேந்திரன், நரைத்த மீசைக்காரர். கடிதத்தைப் பார்த்தார், மார்க்கைப் பார்த்தார், தலையசைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் ஒரு விமானத்தின் வயிற்றைத் திறந்து வைத்து ஆட்கள் உள்ளே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு கேள்விதாம்மா. எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். இங்க ஒரு போல்ட்ட முறுக்காம முறுக்கினேன்னு எழுதினா இருநூறு பேர் செத்துருவாங்க. அதனால கேக்குறேன். நீ அளக்காத நம்பர எழுதி எப்பவாவது கையெழுத்துப் போட்டிருக்கியா?"

இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது. விமானத்தின் சன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாராவது உட்காரப் போகிறார்கள்.

"ஆமா சார். ஒரு தடவ." பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. திரை, சுவிட்ச், நாற்பத்தொன்று, எல்லாவற்றையும் சொன்னாள்.

விஜயேந்திரன் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க யூனிவர்சிட்டி பிள்ளைங்க பதினாலு பேர் இங்க வேலை செய்றாங்க. பதினாலு பேர்கிட்டயும் இதத்தான் கேட்டேன். எல்லாரும் இல்லன்னுதான் சொன்னாங்க."

"அவங்க எழுதினதும் நாப்பத்தொண்ணுதான் சார்."

அவர் கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பி, குனிந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டெஃபனிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"நான் இப்ப அவங்களப் பத்திக் கேக்கலம்மா" என்றார் கடைசியில். "அவங்க பைல் எல்லாம் சுத்தமா இருக்கு. உன் பாரத்துல ஆமான்னு விழுந்துருச்சுன்னா நான் மேல அனுப்ப முடியாது. ரூல் அப்படி. நீ உண்மைய சொன்னதுக்கு ரொம்ப சந்தோசம்."

வேனில் ஏறியதும் வாலண்டைன் கேட்டார். "என்னம்மா ஆச்சு?"

"உண்மைய சொல்லிட்டேன் டேடி. வேலை இல்லன்னுட்டாங்க."

வாலண்டைன் இருமினார். இருபத்தாறு வருடத் தொழிலில், துருவை மறைத்துச் சாயம் அடிக்கச் சொன்ன எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய மனுஷன் அவர். சாவியைப் போட்டார், திருகவில்லை.

"திரும்பப் போயி, தெரியாம சொல்லிட்டேன்னு கேட்டுப் பாரேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டெஃபனி பட்டம் முடித்த கடிதத்தை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வந்த வழியே நடந்தாள்.

விஜயேந்திரன் அறைக்கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். மேசைமேல் புதுப் பாரம் ஒன்று, அதன்மேல் பேனா. அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பதினாலு பேரில் எத்தனை பேர் இப்படித் திரும்பி வந்தவர்கள் என்று அவளும் கேட்கவில்லை.